காவிரிக் கரையில் மூன்று பயணங்கள்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் வீடுகளில் காவிரி பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு வழியில்தான் போகும். ஒன்று தண்ணீர்த் தகராறு. மற்றொன்று கோயில் பட்டியல். "இந்த லீவுக்குக் கும்பகோணம் போறோம், ஒரு வண்டி வெச்சுக்கிட்டா நவக்கிரகம் ஒன்பதையும் ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்று சொல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தகராறுக்கும் பட்டியலுக்கும் நடுவே ஓர் ஆறு இருக்கிறது, அதற்கு இரண்டு கரைகள் இருக்கின்றன, கரையில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன, அவற்றில் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது நமக்கு மறந்துபோகிறது.

ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே ஊர் ஊராகப் போவது தமிழில் புதிய விஷயமல்ல. அப்படிப் போனவர்களைப் பற்றிய மூன்று நூல்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைக்கிறேன். ஒன்று சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை. இரண்டாவது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. மூன்றாவது சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'. முதலாவதில் காலால் நடக்கிறார்கள். இரண்டாவதில் குதிரை. மூன்றாவதில் கார். வேகம் கூடக்கூடக் கண்ணில் படுவது என்ன, படாமல் போவது என்ன என்பதுதான் கேள்வி. ரசனைக்காக மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. நம் பிள்ளைகளுக்கு நாம் எந்தக் காவிரியைக் காட்டப்போகிறோம் என்பதும் இதில்தான் இருக்கிறது.

காலால் நடந்தவர்கள்

நாடுகாண் காதை புகார்க் காண்டத்தின் பத்தாவது காதை, அந்தக் காண்டத்தின் கடைசிக் காதை. மேடைப் பேச்சாளர்கள் கானல்வரியைப் பாடுவார்கள், வழக்குரை காதையை முழங்குவார்கள். நடுவே இருக்கும் இதை "வெறும் வர்ணனை" என்று தாண்டிப் போய்விடுவதே வழக்கம். கதை நகரவில்லையே என்பது அவர்கள் குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பியத்தின் அச்சாணியே இங்கேதான் கிடக்கிறது என்பேன்.

நடந்தது இதுதான். கையில் இருந்த செல்வமெல்லாம் கரைந்த கோவலன், கண்ணகியை அழைத்துக்கொண்டு, பொழுது விடியுமுன் புகாரைவிட்டுக் கிளம்புகிறான். பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நகரின் கோயில்களையும் விகாரங்களையும் கடந்து, காவிரியின் வடகரையோடு மேற்கே திரும்பி, ஒரு காதம் நடக்கிறார்கள். அதற்குள் கண்ணகிக்கு இடுப்பு ஒடிகிறது. மூச்சு வாங்க, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். அவன் சொல்லும் பதிலைக் கவனிக்க வேண்டும். ஆறு, ஐந்து என்ற இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்கிறான். பெருக்கினால் முப்பது காதம். காதில் விழும்போதோ ஏதோ ஐந்தாறு காதம் மாதிரி இருக்கும். பக்கம்தான் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறான். கைக்குழந்தையோடு ரயிலில் வரும் மனைவியிடம் "இதோ, அடுத்த ஸ்டேஷன்தான்" என்று சொல்லும் புருஷனின் சிரிப்பு அது. ஊரை இழந்தவன் துணைக்கு வந்தவளுக்குச் சொல்லும் அன்பான பொய். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இந்தச் சிரிப்புக்கு உரையாசிரியர் தேவையில்லை.

அங்கே ஒரு சோலையில் இருக்கும் சமணத் துறவி கவுந்தியடிகள் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். இவள் பாதம் கல்லும் முள்ளும் தாங்காது, திரும்பிப் போங்கள் என்கிறார் முதலில். இவர்கள் திரும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் வழி சொல்கிறார். சோலை வழியாகப் போகலாம், அல்லது வயல் வழியாகப் போகலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு. என்ன ஆபத்து? கள்வனா, புலியா? இல்லை. சோலையில் வள்ளிக் கிழங்கு தோண்டிய குழிகளைச் சண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், தெரியாமல் கால் வைத்துவிடக்கூடாது. குழிக்குப் பயந்து தரையையே பார்த்து நடந்தால் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் தோட்டத்தில் உதிர்ந்த பலாக்கொட்டை பரல்கல் மாதிரி காலை உறுத்தும்.

வயல் பக்கம் போனாலும் நிம்மதி இல்லை. கரும்பில் கட்டிய தேனடை உடைந்து குளத்து நீரில் தேன் கலந்திருக்கும். தாகத்தில் கண்ணகி அதை அள்ளிக் குடித்துவிடக்கூடும். சமணருக்குத் தேன் விலக்கு. களை பறித்தவர்கள் வரப்பில் போட்ட குவளைப் பூவுக்குள் வண்டு தூங்கிக்கொண்டிருக்கும், அசதியில் அதன்மேல் அடி வைத்துவிடலாம். வாய்க்காலில் இறங்கினால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது என்கிறார் கவுந்தி.

இந்தப் பகுதியை அகிம்சைப் பிரசாரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சமய நோக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சமய நோக்கத்தால் மட்டும் இப்படி எழுதிவிட முடியாது. வரப்பில் நடந்து பழகியவனுக்குத்தான் களை பறித்தவர்கள் பூவை எங்கே போடுவார்கள் என்று தெரியும். இளங்கோவடிகளின் கண் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கிறது. கோபுரத்தை அல்ல, காலடியைப் பார்க்கிறது. இந்தக் காதையில் நடையே பார்வையாகிவிடுகிறது.

பார்வையோடு நிற்கவில்லை, காதும் திறந்திருக்கிறது. மதகில் நீர் மோதும் ஓசை, பறவைகளின் பலவகைக் குரல், சேறு தெறித்த உடம்போடு நடவு நடும் பெண்கள் கள்ளின் மயக்கத்தில் பாடும் புதுப் பாட்டு, ஏர் பூட்டுகிறவர்களின் ஏர்மங்கலம், களத்தில் நெல் அளப்பவர்களின் முகவைப் பாட்டு, இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தூரத்து ஊர்களில் கருப்பஞ்சாறு காய்ச்சும் புகையும் வேள்விப் புகையும் எழுந்து மேகம் போலத் தெரிகின்றன. ஊரின் பெயர் சொல்லப்படவில்லை, அதன் வேலை சொல்லப்படுகிறது. இரப்பவனின் குடும்பமும் அரசனின் வெற்றியும் கடைசியில் உழவன் கையில்தான் விளைகின்றன என்ற கருத்தும் இந்த நடையின் நடுவேதான் வருகிறது, உபதேசமாகத் தனியே வரவில்லை.

இந்த மூவரும் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை. இடையிடையே பல நாள் தங்கியும் போனார்கள் என்று காப்பியம் சொல்கிறது. ஓட்டமெடுத்து வந்த குடும்பம், கையில் சிலம்பைத் தவிர முதல் இல்லை, ஆனாலும் அவசரம் இல்லை. ஆற்றின் நடைக்கு அவர்கள் நடை இறங்கிவிட்டது.

அடுத்து வருவதுதான் முக்கியம். அரங்கத்தில் சாரணரைக் கண்டு வணங்கிய பிறகு ஓடத்தில் தென்கரைக்கு வருகிறார்கள். அங்கே வீண்பேச்சுக்காரன் ஒருவனும் அவனோடு ஒரு பரத்தையும் எதிரே வந்து, இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள், நடந்து களைத்தவர்கள், விலகிப் போங்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவனும் மனைவியுமாவதுண்டோ என்று அவர்கள் கிண்டல் செய்கிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்தி சபிக்கிறார்; இருவரும் நரியாகிறார்கள்.

நத்தையை மிதிக்காதே என்று சொன்ன அதே வாய்! இதைக் குறையாக எழுதியவர்களும் உண்டு, துறவிக்கு இத்தனை கோபமா என்று. ஆனால் கவியின் கணக்கு வேறு. காலைப் பார்த்து வைக்கக் கற்றவர்கள் சொல்லைப் பார்த்து வைக்கக் கற்கவில்லையே என்பதுதான் அங்கே நிற்கும் வேதனை. சாபத்தைக் குறைக்கும்படி மன்றாடுபவர்களும் ஏச்சு வாங்கிய கோவலனும் கண்ணகியும்தான். அறியாமல் பேசிவிட்டார்கள், மன்னியுங்கள் என்கிறார்கள். பன்னிரண்டு மாதத்தில் சாபம் தீரும் என்று கவுந்தி இறங்கி வருகிறார். உறையூர்க் காட்டு நரிகளுக்காக இரங்கிய இந்தக் கண்ணகிதான் பின்னால் மதுரையை எரிக்கப்போகிறவள். ஆற்றங்கரையில் அவள் எத்தனை பொறுமைசாலியாக இருந்தாள் என்பதை நாம் பார்த்திருந்தால்தான், பாண்டியன் அவைக்கு அவள் வரும்போது என்ன உடைந்துபோயிற்று என்று புரியும். நாடுகாண் காதையைத் தாண்டிப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகிறார்கள்.

குதிரையில் வந்தவன்

'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் தொடக்கம் தெரியாத தமிழ் வாசகர் அபூர்வம். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரி நிரம்பித் ததும்புகிறது, கரையில் குதிரைமேல் வந்தியத்தேவன். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணிக்கொண்டே போகிறான். அங்கிருந்து கடம்பூர், கொள்ளிடத்தில் ஓடம், குடந்தை, அரிசிலாற்றங்கரை, தஞ்சை என்று கதை நீரோடு நீராகப் பாய்கிறது.

கல்கிக்கு நாம் பட்ட கடன் பெரிது. பழையாறை, திருப்புறம்பியம், கோடிக்கரை என்ற பெயர்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வாயில் வருகின்றன என்றால் அது அவர் செய்த காரியம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வெளியானபின், 'பொன்னியின் செல்வன்' வழியிலேயே அழைத்துப்போகும் சுற்றுலாக்களும் வந்தன. ஒரு நாவல் வரைபடமாகிவிடுவது சாமானிய வெற்றி அல்ல.

ஆனாலும் விமரிசனம் என்று வந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தியத்தேவன் கரையைப் பார்க்க வரவில்லை. அவனிடம் ஓலை இருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும். வழியில் எதிர்ப்படுபவர் எல்லாம் அவனுக்குச் செய்தி தருபவர் அல்லது செய்தியைத் தடுப்பவர். ஓடத்தில் சைவரும் வைணவரும் சண்டை போடுகிறார்கள், குடந்தையில் ஜோதிடர் குறிப்பாகப் பேசுகிறார். எல்லாம் ரசமானவை. ஆனால் ஓடம் தள்ளுகிறவன் முகம் நமக்கு நினைவிருக்கிறதா? அரிசிலாற்றங்கரையில் முதலை பாய வருகிறது என்று பதறி நம் வீரன் வேலை எறிகிறான். அது பாடம் செய்து வைத்த செத்த முதலை! கல்கியின் குறும்பு அது. யோசித்தால், அந்த நாவலில் ஆறு எப்படி இருக்கிறது என்பதற்கே அந்த முதலை நல்ல அடையாளம். பார்க்க அழகு, கதைக்கு உதவி, ஆனால் கடிக்காது.

இன்னொன்று. கதை திறக்கும் நாளே பண்டிகை நாள். சோழ நாட்டு ஜனங்கள் புத்தாடை உடுத்தி, சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறார்கள். அன்று யாருக்கும் வேலை கிடையாது. நாடுகாண் காதையில் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், நடப்பவர்கள் மட்டும் வேலையற்றவர்கள். 'பொன்னியின் செல்வ'னில் வேலையாக வந்தவன் ஒருவன்தான், மற்றவர்கள் லீவில் இருக்கிறார்கள். நம்மில் பலர் ஊருக்குப் போவதும் லீவில்தான், ஊரைப் பார்ப்பதும் லீவுக் கோலத்தில்தான். கல்கியின் காவிரி நமக்கு அத்தனை சுலபமாக ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

பழையாறைக்கு ஆவலோடு போய் இறங்குகிறவர்கள் "அரண்மனை எங்கே?" என்று கேட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே இருப்பது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், சில கோயில்கள், வயல். வயலை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக் கல்கி நமக்குச் சொல்லித்தரவில்லை. இளங்கோ சொல்லித்தந்திருக்கிறார், அவரை நாம் படிப்பதில்லை.

காரில் போனவர்கள்

'நடந்தாய் வாழி, காவேரி' 1971-இல் வெளிவந்தது. சிட்டி என்கிற பெ.கோ. சுந்தரராஜன் மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர், தி. ஜானகிராமன் தஞ்சை மண்ணின் பிள்ளை. இருவரும் வானொலியில் வேலை பார்த்தவர்கள். ஜானகிராமன் வாழ்க்கையின் பிற்பகுதியைத் தில்லியில் கழித்தவர். ஆக, காவிரியைப் பற்றிய மிகச் சிறந்த பயண நூல்களில் ஒன்றை எழுதிய இருவரில் ஒருவர் நம்மைப் போல ஒரு வெளிமாநிலத் தமிழர் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

தலைப்பு சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து எடுத்தது. நடந்தது காவிரி, இவர்கள் நடக்கவில்லை, காரில் போனார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றை, குடகு மலையில் தலைக்காவேரியிலிருந்து பூம்புகார்க் கடல் வரைக்கும் உத்தியோகஸ்தர்கள் பார்க்க வேண்டுமானால் கார்தான் கதி. ஆனால் கார் சாலையில் ஓடும், கரையில் ஓடாது. சாலை ஆற்றைத் தொடும் இடத்தில் ஆறு தெரியும், விலகும் இடத்தில் மறையும். அந்த இடைவெளியைப் புராணத்தாலும் சரித்திரத்தாலும் சங்கீதத்தாலும் வழியில் கிடைத்த பேச்சாலும் நிரப்புகிறார்கள். நூலின் பலம் அது. சில இடங்களில் பாரமும் அதுவே. தல புராணங்கள் அடுத்தடுத்து வரும்போது ஆறு கொஞ்சம் பொறுத்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது.

இருவர் எழுதியும் யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று காட்டிக்கொள்ளாமல் ஒரே குரலில் போவது இந்த நூலின் இன்னொரு விசேஷம். பயண நூல் எழுதுகிறவர்கள் பொதுவாகத் தங்கள் அசௌகரியங்களையே அதிகம் எழுதுவார்கள். ஹோட்டல் காப்பி சரியில்லை, ரூமில் தண்ணீர் வரவில்லை என்று. 'நான்' இரண்டாகப் பிரிந்துவிட்டதாலோ என்னவோ இந்த நூலில் அந்தத் தொல்லை இல்லை, ஆறு முன்னால் நிற்கிறது. 'மோகமுள்'ளில் கும்பகோணத்துத் தெருக்களை எழுதியவர், அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று போய்ப் பார்த்து வருகிறார் என்றும் இதைப் படிக்கலாம்.

இந்தப் பயணத்தின் பெரிய மதிப்பு அதன் மேல்பாதியில் இருக்கிறது. நூல் வந்தபோது கர்நாடகம் என்ற பெயரே அந்த மாநிலத்துக்கு வரவில்லை, 1973-இல்தான் வந்தது. அப்போது மைசூர் மாநிலம். அந்தப் பாதியை அவர்கள் அயலார் நாடு என்று விலக்கவில்லை, ஆற்றின் இளமை என்று அணுகினார்கள். அந்த வழியில் இருக்கும் சின்ன ஊர்களை யோசித்துப் பாருங்கள். பாகமண்டலத்தில் காவிரியோடு கன்னிகை கலக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்து தீவு செய்து ஆதிரங்கனைத் தாங்குகிறது. சிவசமுத்திரத்தில் மத்தியரங்கம். கடைசியில் நம் திருவரங்கம் அந்தியரங்கம். மூன்று தீவு, ஒரே சாமி, ஒரே ஆறு. கன்னடத்துப் பாட்டிக்கும் தமிழ்ப் பாட்டிக்கும் இதில் கருத்து வேற்றுமை கிடையாது.

தலக்காட்டுக்குப் போனால் இன்னும் சுவாரசியம். கங்கர்களின் தலைநகரம், பிறகு சோழர் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள், 1116-ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரைத் துரத்திவிட்டு வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான். நாம் 'கடாரம் கொண்டான்' என்று பெருமை பேசுகிற மாதிரி அவர்களுக்கு 'தலக்காடு கொண்டவன்'. இன்று அந்தக் கோயில்கள் மணலுக்குள் இருக்கின்றன, தோண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெயித்தவனுடையதும் தோற்றவனுடையதும் ஒரே மணலில்.

யாருடைய ஆறு?

இங்கேதான் மூன்று நூல்களையும் சேர்த்துப் படிப்பதன் பயன் தெரிகிறது. 1924 ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் கெடு முடிந்தது 1974-இல். நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். 1991-இல் இடைக்கால உத்தரவு வந்தபின் பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர்கள் பட்ட பாடு நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2016-இல் மறுபடியும் எரிந்த பஸ்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. அந்தத் தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்கென்று கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. 1974 முதல் அந்த நகரம் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் குடித்துவருகிறது. அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் அங்குள்ள தமிழர் வீட்டிலும் சோறு பொங்குகிறது. தஞ்சாவூரில் இருக்கும் அண்ணன் வயலுக்குக் கேட்பதும், பெங்களூரில் இருக்கும் தம்பி குழாயில் பிடிப்பதும் ஒரே நீர். இதை எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

இதற்கு முந்திய உறவும் உண்டு. சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தில் மின்சாரம் எடுத்து 1902-இல் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காவிரி கடலுக்குப் போகும் வழியில் நிலத்துக்கடியில் வேலை செய்த தமிழனுக்கும் விளக்கேற்றிவிட்டுத்தான் போயிற்று.

இளங்கோவடிகள் இதை மறைக்கவில்லை. வானத்தில் கிரகங்கள் கெட்டுப்போனாலும் காவிரி பொய்க்காது என்று நாடுகாண் காதையில் பெருமையாகச் சொல்கிறவர், அந்த நீர் குடமலையில் பெய்த மழை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறார். வயல் சோழனுடையது, மழை குடமலையினுடையது. பெருமையையும் கடனையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்தது. நமக்குத்தான் முடியவில்லை. 'பொன்னியின் செல்வன்' காவிரியின் கீழ்ப்பாதியோடு நின்றுவிடுகிறது. கதைக்கு அது போதும். சிட்டியும் ஜானகிராமனும் கதைக்காகப் போகவில்லை, ஆகவே மேலே ஏறிப் போனார்கள். அரசியல் பேசாமலே அவர்கள் செய்த நல்ல காரியம் அது.

மூன்று நூலுக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், ஆசைக்குக் கல்கி, அறிவுக்குச் சிட்டியும் ஜானகிராமனும், கண்ணுக்கு இளங்கோ என்பேன். கண்தான் முதலில் வேண்டும். அது இல்லாமல் மற்ற இரண்டும் நம்மைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிடும், அவ்வளவுதான்.

ஆறு மெலியும் இடம்

இன்று இந்த வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளங்கோ காட்டிய அதே ஆறு அங்கே காத்திருக்காது. 1934-இல் மேட்டூர் அணை எழும்பியபோது கரையோர ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தலைகாட்டும். பக்தர்கள் கும்பிடப் போகிறார்கள், விவசாயி கவலையோடு பார்க்கிறான். நந்தி தெரிகிறதென்றால் அணையில் தண்ணீர் இல்லை. முக்கொம்பிலும் கல்லணையிலும் வெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்ப, மிச்சம் பாசன வாய்க்கால்களில் பிரிய, பூம்புகாரை அடையும் காவிரி ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் "அப்பா, இதுதானா காவேரி?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "இதுதாம்மா. மிச்சத்தையெல்லாம் வழியில குடுத்துட்டு வந்துடுச்சு" என்பதுதான் சரியான பதில். வயலைப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைக்கு அது புரியும். கோயில் கோயிலாக இறங்கி ஏறி வந்த பிள்ளைக்குப் புரியாது.

ஆகவே அடுத்த லீவில் ஒன்பது கோயிலில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டு, திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவிலோ, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் படித்துறைகளிலோ, ஓரிரண்டு மணி நேரம் கரையோடு நடந்து பார்க்கலாம். கையில் நாடுகாண் காதையின் உரைப் பதிப்பு ஒன்று இருந்தால் நல்லது. முழுக் காப்பியமும் வேண்டாம், அந்த ஒரு காதை போதும். பிள்ளைகளை அதட்டாமல், வரப்பில் எதை மிதிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், இலக்கியமும் விவசாயமும் சேர்ந்தே உள்ளே போகும்.

ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவேரியில் குடகு மக்கள் தீர்த்தம் பொங்குவதைக் காணக் கூடுகிறார்கள். அதே ஐப்பசி முழுவதும் இங்கே மாயவரத்தில் துலா ஸ்நானம். மாதக் கடைசியில் கடைமுழுக்கு. ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே மாதம், ஒரே முழுக்கு. மாயவரத்தில் அதற்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு. ஐப்பசிக்குள் குளித்துவிட வேண்டும் என்று நொண்டி நொண்டி நடந்து வந்த ஒருவன் ஒரு நாள் தாமதமாகி வந்து சேர்ந்தானாம். ஆண்டவன் அவனுக்கும் அதே பலனைக் கொடுத்தான் என்பது கதை. தூரத்தில் பிழைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, அதுவும் தாமதமாக வந்து சேருகிற நமக்கென்றே யாரோ ஏற்படுத்தி வைத்த நாள் போல இருக்கிறது அது. ஒரு நிபந்தனைதான்: அவன் நடந்து வந்தான்.